விளக்கு மாலைகளை இங்கேயே செய்விப்போம்

ஆயுத பூஜைக்குப் பத்து நாள் இருக்கும்போதே ஓசூர்க் கடைவீதிக்கு ஒரு வேகம் வந்துவிடும். மற்ற ஊர்களில் துணிக்கடைக்காரர்கள் தீபாவளியை எதிர்பார்த்திருப்பது போல, இங்கே எலக்ட்ரிகல் கடைக்காரரும் ஃபேன்சி ஸ்டோர்காரரும் ஆயுத பூஜையை எதிர்பார்த்திருப்பார்கள். சிப்காட்டில் உள்ள பெரிய ஆலை முதல், சந்துக்குள் இரண்டு லேத் போட்டு ஓட்டும் பட்டறை வரை, மெஷினைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் இட்டு, வாசலில் வாழைக்கன்று கட்டி, சீரியல் செட் போடாமல் பூஜை நடப்பதில்லை. நெடுஞ்சாலைகள் கூடும் கிருஷ்ணகிரியில் லாரிக்காரர்கள் வேறு இருக்கிறார்கள். வண்டிக்கு வண்டி ஜிகினா மாலை, முன்கண்ணாடிக்கு மேல் கலர் லைட். அது முடிந்தால் தீபாவளி, நவம்பர் 1-ஆம் தேதி எல்லைக்கு அப்பால் கன்னட ராஜ்யோத்சவம், நமக்குக் கார்த்திகை, எலத்தகிரி போன்ற ஊர்களில் கிறிஸ்துமஸ், பிறகு பொங்கல், சந்திரசூடேஸ்வரர் தேர், யுகாதி. ஏறக்குறைய ஆறு மாதம் இந்தச் சரக்கு நகர்ந்துகொண்டே இருக்கிறது.

இவ்வளவு விற்கிறோமே, இதில் நம் மாவட்டத்தில் செய்தது எது? கடையில் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். சீரியல் செட்டுகளைப் பெங்களூர் பி.வி.கே. அய்யங்கார் ரோட்டிலும் எஸ்.பி. ரோட்டிலும் எடுக்கிறோம். அங்கே உள்ளவர்களில் பலர் டெல்லி பாகீரத் பேலஸில் எடுக்கிறார்கள். அதற்கும் பின்னால் போனால் பெரும்பாலும் சீனம். ஜிகினாத் தோரணம், பிளாஸ்டிக் பூமாலை, கிறிஸ்துமஸ் ஸ்டார், கதவில் மாட்டும் விளக்கு வளையம் எல்லாம் வெளியூர்ச் சரக்கு. பெங்களூரா மாங்காய்க்கும் மாங்கூழ் ஆலைகளுக்கும் பேர்போன கிருஷ்ணகிரி மாவட்டத்தில், மாவிலைத் தோரணத்தைக்கூடப் பிளாஸ்டிக்கில் வரவழைத்து விற்கிறோம். இதைச் சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். கொள்முதல் பில்லை எடுத்துப் பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும்.

இத்தனைக்கும் இந்த மண்டலத்தில் எது இல்லை? 1970-களில் சிப்காட் வந்ததிலிருந்து, வண்டி உதிரிபாகம் செய்தே ஒரு தலைமுறை கைத்தொழில் கற்றிருக்கிறது. கம்பி வளைக்க, வெல்டிங் வைக்க, பவுடர் கோட்டிங் செய்ய, பிளாஸ்டிக் மோல்டிங் அடிக்க, வண்டிகளுக்கு வயரிங் கட்டுகளைப் பின்னிக் கொடுக்க இங்கே பட்டறைகள் இருக்கின்றன. டைட்டன் கைக்கடிகார ஆலை நுண்ணிய வேலைக்கு ஆள்களைப் பழக்கியது. இப்போது டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் கிராமத்துப் பெண்கள் பெருந்தொகையாக வேலை செய்கிறார்கள். பவர் சப்ளைக்கு உலகப் பெயர் பெற்ற டெல்டா நிறுவனத்தின் ஆலை நம் மாவட்டத்திலேயே உள்ளது. ஒரு விளக்கு வளையத்தைப் பிரித்துப் போட்டால் என்ன இருக்கிறது? ஒரு கம்பி வளையம், அதில் சுற்றிய இலை அல்லது ஜிகினா, சிறு எல்.இ.டி. விளக்குகள், வயர், ஓர் அடாப்டர். மோட்டார் சைக்கிளுக்கு வயரிங் கட்டு செய்யும் கைக்கு இது ஒரு வேலையே அல்ல.

பின் ஏன் நடக்கவில்லை? பட்டறைக்காரர்களைக் குறை சொல்வது எளிது. என் கருத்தில் குறை நம் பக்கம்தான் இருக்கிறது. வியாபாரிகளாகிய நாம் இந்தச் சரக்குக்கு ஒருபோதும் முன்கூட்டி ஆர்டர் கொடுத்ததில்லை. பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பு பஸ் ஏறிப் போய், கையில் கிடைத்ததை மூட்டை கட்டி வருவதுதான் நம் வழக்கம். இரண்டு வாரத்தில் எந்தப் பட்டறைக்காரரும் அச்சு வெட்டி, சரக்கு தயாரித்துக் கொடுக்க முடியாது.

இது ஊர்ப்பற்றுக்காகச் சொல்லும் வார்த்தை அல்ல. நம் தலைமேல் ஒரு பொறுப்பு ஏறியிருக்கிறது. அதைப் பலர் கவனிக்கவில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பொருளால் விளையும் கேட்டிற்கான பொறுப்பு என்று அதில் ஒரு தனி அத்தியாயம் உண்டு. தயாரித்தவர் யாரென்று தெரியாத பொருளை ஒரு வியாபாரி விற்று, அந்தப் பொருளின் குறையால் வாங்கியவருக்குக் கேடு வந்தால், விற்றவர் மீதே பொறுப்பு விழும் என்கிறது அது. நம் கடையில் தொங்கும் சீரியல் செட் அட்டைப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். தயாரித்தவர் பெயர் இருக்கிறதா? முகவரி இருக்கிறதா? பல பெட்டிகளில் ஒரு பூ படமும் ஆங்கிலத்தில் ஒரு வாழ்த்தும் தவிர வேறொன்றும் இருக்காது. மொத்த வியாபாரி கொடுத்த துண்டுச் சீட்டில் 'லைட் 20 டஜன்' என்று இருக்கும். நாளை ஒரு வழக்கு வந்தால் அந்தத் துண்டுச் சீட்டு யாரைக் காட்டிக் கொடுக்கும்? நம்மைத்தான்.

எல்.இ.டி. விளக்குச் சரங்கள் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவுக்கு உட்பட்டவை. பதிவு பெற்ற சரக்கில் 'ஆர்' என்ற எழுத்தோடு ஒரு பதிவு எண் அச்சிட்டிருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கும் வழக்கம் நம் கொள்முதலில் இன்னும் வரவில்லை. கேட்டால், 'எண் இருக்கும் சரக்கு வேண்டுமானால் விலை வேறு' என்று மொத்தக் கடையில் பதில் வருகிறது. அதாவது எண் இல்லாத சரக்கு என்னவென்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

இந்த இடத்தில் மின்சார விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். தினமும் விற்கிறவர்களிலேயே பலர் இதைத் தெரிந்துகொள்ளாமல் விற்கிறோம்.

பழைய சீரியல் செட்டில் 6 வோல்ட் குண்டு பல்புகள். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஆகவே ஏறக்குறைய 38 பல்புகளைச் சங்கிலிபோல் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் ஆளுக்கு 6 வோல்ட் பங்கு கிடைக்கும். ஒன்று போனால் சரம் முழுவதும் அணையும். சவுண்ட் சர்வீஸ் பையன் ஏணியில் ஏறி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பான். எல்.இ.டி. வந்த பிறகு பல்பு மாறியது. சிவப்புக்கு ஏறத்தாழ 2 வோல்ட், நீலம், பச்சை, வெள்ளைக்கு ஏறத்தாழ 3 வோல்ட் போதும். (நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த ஜப்பானிய விஞ்ஞானிகள் மூவருக்கு 2014-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த நீலம் வந்த பின்புதான் வெள்ளை எல்.இ.டி.யும் வந்தது.) ஆனால் மலிவு சரக்கில் கோக்கும் முறை பழையதேதான். டிரான்ஸ்ஃபார்மர் எதுவும் கிடையாது. விளக்கு 3 வோல்ட்தான், அதைத் தாங்கும் வயரில் ஓடுவது வீட்டு மின்சாரம். பார்த்தால் நூல்போல் மெல்லிய வயர். அதை இரும்புக் கதவில் சுற்றி, ஆணியில் மாட்டி, பந்தல் குழாயில் இழுத்துக் கட்டுகிறோம். எங்காவது தோல் உரிந்தால் கதவே மின்சாரம் ஏறி நிற்கும். மழைக்காலத்துப் பண்டிகை வேறு.

இன்னொரு முறை இருக்கிறது. அடாப்டர் வழியாக 12 வோல்ட்டாகக் குறைத்து விளக்குக்கு அனுப்புவது. 12 வோல்ட் பட்டையில் விளக்குகள் மூன்று மூன்றாக இணைக்கப்பட்டிருக்கும். ஒன்று போனால் அந்த மூன்றுதான் அணையும், மற்றவை எரியும். குழந்தை கையால் பிடித்தாலும் ஷாக் இல்லை. நீளம் அதிகமானால் கடைசி விளக்கு மங்கும் என்பது ஒரு குறை. ஐந்து மீட்டருக்கு மேல் போனால் இரண்டு முனையிலும் மின்சாரம் கொடுத்தால் சரியாகிவிடும். கோயில் வாசல்களில் மயிலும் கலசமும் ஆடுவதுபோல் காட்டும் பிக்சல் போர்டுகளும் இப்படிக் குறைந்த வோல்ட்டில்தான் எரிகின்றன. திறந்தவெளிக்கு 'ஐ.பி. 65' என்று குறித்த அடாப்டரை வாங்க வேண்டும். 6 என்பது தூசி புகாது, 5 என்பது தண்ணீரைப் பீய்ச்சினாலும் தாங்கும் என்று பொருள். இதை வாடிக்கையாளரிடம் இரண்டு வாக்கியத்தில் சொல்லத் தெரிந்த கடைக்காரர், விலை கூடுதலான சரக்கையும் விற்றுவிடுவார். நான் பார்த்த வரையில், வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறவர்கள் இதைக் கேட்டபின் பேரம் பேசுவதில்லை.

அலட்சியத்தின் விலை என்ன என்பதை நாடு பார்த்திருக்கிறது. 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு, குழந்தைகள் உட்பட 11 பேர் இறந்தார்கள். அங்கே காரணம் மேலே போன கம்பி. கடையில் விற்ற சரம் அல்ல. ஆனாலும் அலங்காரம் உயரும்போது ஆபத்தும் கூடவே உயர்கிறது என்பதை அந்த ஊர்வலம் காட்டிவிட்டது. நம் வட்டாரத்திலேயே 2023-இல் இரண்டு பெரும் துயரங்கள். ஜூலை 29-இல் கிருஷ்ணகிரி பழையபேட்டைப் பட்டாசுக் கிடங்கில் வெடித்து 9 உயிர்கள் போயின. அக்டோபர் 7-இல் எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளிப் பட்டாசுக் கடையில் தீப்பிடித்து, 14-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பண்டிகைக் கால வேலைக்குப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள். அந்த இரண்டு சம்பவத்துக்குப் பிறகு, பட்டாசுச் சீசனை மட்டும் நம்பியிருந்த நண்பர்கள் சிலர் விளக்கு, தோரணம் பக்கம் பார்வையைத் திருப்பியிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் ஒரு ஆபத்தை விட்டு இன்னொரு ஆபத்தான சரக்கைக் கிடங்கில் அடுக்கினால் என்ன லாபம்?

தெர்மாகோல் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அலங்காரத்துக்கான தெர்மாகோல் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை. இன்னும் சில கடைகளில் தெர்மாகோல் எழுத்து, தெர்மாகோல் வளையம் தொங்குகின்றன. அதிகாரி வந்து எடுத்துப் போனால் சங்கம் ஒன்றும் செய்ய முடியாது.

சரி, செய்யலாம் என்றே வைத்துக்கொள்வோம். சீன விலைக்கு ஈடு கொடுக்க முடியுமா என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. வெறும் சரத்தில் முடியாது. அதில் போட்டி போடவும் வேண்டாம். மில்லியன் கணக்கில் கோத்துத் தள்ளுகிறவனோடு நூல் சரத்தில் மோதிப் பயனில்லை. சரத்தையும் அடாப்டரையும் பதிவு எண் உள்ள இடத்தில் மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். நாம் செய்ய வேண்டியது சட்டமும் வடிவமும்.

வடிவத்தில்தான் வெளியூர்ச் சரக்கு தோற்கிறது. நம் கடைகளில் தொங்கும் ஒளித் தோரணங்களில் என்ன எழுதியிருக்கிறது? இந்தியில் 'சுப லாபம்', ஆங்கிலத்தில் தீபாவளி வாழ்த்து. ஓசூர்க் கடைக்கு வரும் வாடிக்கையாளர் தமிழ் பேசுவார், தெலுங்கு பேசுவார், கன்னடம் பேசுவார், உருது பேசுவார். யுகாதிக்குத் தெலுங்கிலும் கன்னடத்திலும் வாழ்த்து எரியும் போர்டு கேட்டு வருகிறவருக்கு நாம் காட்ட எதுவும் இல்லை. பொங்கலுக்கு ஒரு பானை, கரும்பு வடிவ விளக்கு? கிடையாது. ராஜ்யோத்சவத்துக்கு மஞ்சள் சிவப்பில் வளையம் கேட்டால் பெங்களூர் முழுக்க வாங்க ஆள் இருக்கிறது. ஆயுத பூஜைக்குக் கம்பெனியின் பெயரும் சின்னமும் எரியும் ஒரு வளையம் செய்து கொடுத்தால், சிப்காட்டில் எத்தனை வாசல் இருக்கிறதோ அத்தனை வாடிக்கையாளர். இவற்றையெல்லாம் உலகின் எந்த மூலையில் இருக்கும் ஆலையும் நமக்காகச் செய்து அனுப்பப் போவதில்லை. பக்கத்துத் தெருவில் இருக்கிறவன்தான் செய்ய முடியும்.

இன்னொரு யோசனை. பிளாஸ்டிக் பூமாலை பெருகப் பெருக நம் பூ விவசாயிகளுக்கு வயிற்றெரிச்சல். அதில் நியாயமும் உண்டு. ஓசூர், கெலமங்கலம், தளி வட்டாரத்து ரோஜா விமானம் ஏறி வெளிநாடு போகிறது. ராயக்கோட்டைப் பக்கத்துச் செண்டுமல்லியும் சாமந்தியும் லாரி ஏறிப் பெங்களூர் போகின்றன. விலை விழும் நாளில் அதே பூ சாலையோரத்தில் கொட்டிக் கிடக்கிறது. வளையத்தின் சட்டமும் விளக்கும் நிரந்தரமாக இருக்கட்டும். பூவை மட்டும் அன்றன்று கட்டிக்கொள்ளும்படி சட்டத்தில் கொக்கி வைத்துச் செய்யலாம் அல்லவா? 12 வோல்ட் விளக்கு என்பதால் ஈரப் பூ பட்டாலும் பயம் குறைவு. எல்.இ.டி. அதிகம் சூடேறாது, பூவும் சீக்கிரம் வாடாது. ஒரு முறை வளையம் வாங்கியவர் ஒவ்வொரு பண்டிகைக்கும் பூக்காரம்மாவிடம் போவார். நம் வியாபாரமும் கெடாது, அவர் பிழைப்பும் கெடாது. திருமண மண்டபக்காரர்களிடம் பேசிப் பாருங்கள். இதில் முதலில் ஆர்வம் காட்டுவது அவர்களாகத்தான் இருக்கும்.

ஆர்டர் முந்திக்கொண்டால் ஆலை பின்னால் வரும் என்பதற்கு உலக வியாபாரத்தில் ஒரு நல்ல கதை உண்டு. அமெரிக்கர்கள் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் கண்ணாடி உருண்டைகள் வெகுகாலம் ஜெர்மனியிலிருந்து போனவை. லௌஷா என்ற மலை ஊரில் வீட்டுக்கு வீடு குடும்பமாக உட்கார்ந்து வாயால் ஊதிச் செய்தார்கள். 1930-களின் கடைசியில் போர் மேகம் சூழ்ந்தது. இறக்குமதி நின்றுவிடும் என்று மாக்ஸ் எக்கார்ட் என்ற இறக்குமதி வியாபாரி முன்பே கணித்தார். வூல்வொர்த் என்ற பெரிய கடைச் சங்கிலியைச் சேர்த்துக்கொண்டு, கார்னிங் கண்ணாடி ஆலையிடம் போனார். அந்த ஆலை மின்சார பல்புக்கான கண்ணாடிக் குமிழ்களை மெஷினில் ஊதித் தள்ளிக்கொண்டிருந்தது. அதே மெஷினில் அலங்கார உருண்டை ஊதித் தர முடியுமா என்று கேட்டார்கள். வூல்வொர்த் பெரிய ஆர்டருக்கு வாக்குக் கொடுத்தது. 1939-இல் ஆலை ஒத்துக்கொண்டது. போர்க்காலத்தில் வெள்ளிப் பூச்சு கிடைக்காதபோது பூச்சில்லாத கண்ணாடியாக விற்றார்கள், உலோக மூடிக்குப் பதில் அட்டை மூடி போட்டார்கள், வியாபாரம் நிற்கவில்லை. கவனியுங்கள். ஆலைக்காரருக்கு அந்த யோசனை தானாகத் தோன்றவில்லை. ஒரு வியாபாரி ஆர்டரோடு போய் வாசலில் நின்றார்.

நம் நாட்டிலேயே மேற்கு வங்கத்தில் சந்தன்நகர் இருக்கிறது. நம் புதுச்சேரியைப்போல் பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர். அங்கே ஜகத்தாத்ரி பூஜை பெரிய விழா. ஸ்ரீதர் தாஸ் போன்றவர்கள் சின்னஞ்சிறு பல்புகளை மூங்கில் சட்டத்தில் கட்டி, ஓடும் ரயிலும் பறக்கும் பறவையுமாக ஒளிச் சித்திரம் செய்யத் தொடங்கி, இன்று தெருத் தெருவாக அந்தத் தொழில் நடக்கிறது. கல்கத்தா துர்கா பூஜைப் பந்தல்களுக்கு விளக்கு போகும் ஊர் அது. அவர்களுக்கு நம்மைவிடப் பெரிய தொழிற்பேட்டையா இருந்தது? இல்லை. பூஜைக் கமிட்டிகள் பல மாதம் முன்பே வந்து முன்பணம் கொடுத்து மாதிரி சொல்லிவிட்டுப் போகும் வழக்கம் இருந்தது. அந்தத் தொழிலாளி மழைக்காலம் முழுவதும் உட்கார்ந்து வேலை செய்ய அந்த முன்பணம் போதுமானதாக இருந்தது. விற்பதைவிட வாடகைக்கு விடுவதே அங்கே அதிகம் என்பதும் கவனிக்கத் தக்கது. நம் சவுண்ட் சர்வீஸ்காரர்களும் அதே முறையில்தான் பிழைக்கிறார்கள். அவர்களைப் போட்டியாக நினைக்காமல் முதல் வாடிக்கையாளராக நினைக்க வேண்டும்.

இனி, எல்லைத் தொல்லை. ஜூஜூவாடியில் வணிகவரிச் சோதனைச் சாவடி இருந்த காலத்தை மூத்த உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். லாரி வரிசை, கையில் ஃபாரம், வெயிலில் காத்திருப்பு. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்தச் சாவடி போனது. எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் சிறியவனுக்குக் காகிதத்தில் ஒரு சாவடி இன்னும் நிற்கிறது. ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சரக்கு வியாபாரி தன் மாநிலத்துக்குள் பதிவு இல்லாமல் விற்கலாம். ஆனால் வேறு மாநிலத்துக்கு வரிக்கு உரிய சரக்கை ஒரு ரூபாய்க்கு அனுப்பினாலும் பதிவு கட்டாயம். அறிவிக்கப்பட்ட சில கைவினைப் பொருள்களுக்குத்தான் விலக்கு. இணக்க வரித் திட்டத்தில், அதாவது காம்போசிஷனில் இருப்பவருக்கு இன்னும் மோசம். அவர் வெளிமாநிலத்துக்கு விற்கவே கூடாது. சேலத்துக்காரருக்கு இது பெரிதாகத் தெரியாது. அவருக்குச் சுற்றிலும் தமிழ்நாடு. ஓசூரில் ஒரு சந்துப் பட்டறைக்காரர் மூன்னூறு கிலோமீட்டர் தாண்டி இருக்கும் சென்னைக்குத் தடையின்றி அனுப்பலாம். பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் அத்திப்பள்ளிக்கு அனுப்ப முடியாது. அவருடைய இயற்கையான சந்தை பெங்களூர். அந்தக் கதவுக்குத்தான் பூட்டு.

பெரிய ஆலைக்கு இது ஒரு பொருட்டல்ல. இரண்டு பெண்களை வைத்து வளையம் கட்டும் பட்டறைக்கு மாதாமாதம் கணக்கு, ஆடிட்டர் செலவு என்றால் வேண்டாம் என்று ஒதுங்கிவிடுவார்கள். வணிகர் சங்கங்கள் ஜி.எஸ்.டி. கவுன்சிலுக்கு அனுப்பும் மனுக்களில் வரி விகிதத்தைக் குறைக்கக் கேட்கிறோம். எல்.இ.டி. விளக்குக்கு 12 சதவீதமாக இருந்தது 2022 ஜூலையில் 18 ஆனபோதும் கேட்டோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் எல்லை மாவட்டத்துச் சிறு உற்பத்தியாளர் அடுத்த மாநிலத்துக்கு ஒரு வரம்புக்குள் விற்க அனுமதி கேட்டு ஓசூர், கிருஷ்ணகிரி சங்கங்கள் சேர்ந்து ஒரு மனு கொடுத்தால், அது நம்மைத் தவிர வேறு யாரும் கேட்காத கோரிக்கையாக இருக்கும். கைவினை விலக்குப் பட்டியலில் கையால் கட்டும் ஒளி வளையத்தையும் தெளிவாகச் சேர்க்கக் கேட்கலாம். அதுவரை ஒரு வழி உண்டு. பதிவு பெற்ற மொத்த வியாபாரி பட்டறையில் வாங்கி, தன் பில்லில் கர்நாடகத்துக்கு அனுப்புவது. இதில் நமக்கும் ஒரு லாபம் இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

கடன் விஷயம் பேசாமல் இந்தக் கட்டுரை முடியாது. பட்டறைக்காரர்கள் நம்மிடம் வரத் தயங்குவதற்குப் பெரிய காரணம், நாம் பணம் தரும் விதம். 'சரக்கு விற்கட்டும், பார்க்கலாம்' என்பது நம் பழைய மந்திரம். பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள்ளும், இல்லையென்றால் 15 நாளுக்குள்ளும் பணம் கொடுக்க வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். கொடுக்காவிட்டால் அந்தத் தொகையை அந்த ஆண்டுச் செலவாக வருமான வரிக் கணக்கில் காட்ட முடியாது என்று 2023-இல் கொண்டுவந்துவிட்டார்கள். இதற்குப் பயந்து சிறு பட்டறையிடம் வாங்குவதையே நிறுத்திய வியாபாரிகள் உண்டு. அது சரியான வழி அல்ல. பெங்களூர் மொத்தக் கடையில் கையில் ரொக்கம் எண்ணிக் கொடுத்துவிட்டுத்தானே மூட்டையைத் தூக்குகிறோம்? அங்கே காட்டும் நாணயத்தில் பாதியைப் பாகலூர் ரோட்டுப் பட்டறைக்காரரிடம் காட்டினால் போதும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்குத்தான்: ஒரு வளையத்துக்கான பிளாஸ்டிக் இலைக்கு அச்சு வெட்ட 60,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கடைக்காரர் 100 வளையம் கேட்டால், வளையத்துக்கு 600 ரூபாய் அச்சுச் செலவிலேயே போய்விடும். யாரும் வாங்க மாட்டார்கள். முப்பது கடை சேர்ந்து ஆளுக்கு 100 கேட்டால் அது 20 ரூபாயாகிவிடுகிறது. அடுத்த ஆண்டு அதே அச்சு. அந்த 20-ம் இல்லை. கணக்கு இவ்வளவுதான். ஒரு கடையால் முடியாதது, சங்கம் ஆர்டரைத் திரட்டினால் முடியும்.

திரட்டுவதற்கு ஏற்ற மாதம் ஆடி. கடையில் ஈ ஓட்டும் மாதம், பட்டறைகளில் பண்டிகை அவசரம் இல்லாத மாதம். ஆயுத பூஜைக்கு இரண்டு மாதம் மிச்சம் இருக்கும். ஆனி மாதத்திலேயே ஓசூர் சிறு குறு தொழில்கள் சங்கமான ஹோஸ்டியாவுடன் நம் நிர்வாகிகள் ஒரு முறை உட்கார்ந்து, எந்தெந்தப் பட்டறை கம்பி வேலை, எது மோல்டிங், எது வயரிங் என்று ஒரு பட்டியல் எடுக்க வேண்டும். முதல் ஆண்டில் மூன்றே உருப்படி போதும்: கதவுக்கு இரண்டடி விளக்கு வளையம், பூக் கட்டும் கொக்கியோடு மண்டபத்துக்கு நாலடி வளையம், தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்று எழுத்துத் தகட்டை மாற்றி மாட்டும் வாழ்த்து போர்டு. எல்லாம் 12 வோல்ட். பெட்டியில் செய்த பட்டறையின் பெயர், முகவரி. முழுப் பொருளுக்கும் தனியாகப் பதிவு வேண்டுமா என்பதைத் தர நிர்ணய அமைவனத்திடம் எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக் கோப்பில் வைக்க வேண்டும். ஆடிப்பெருக்கு சமயத்தில் மாதிரிகளைச் சங்கக் கட்டிடத்தில் எரியவிட்டுப் பார்க்கலாம். பிடித்தவர்கள் கால் பங்கு முன்பணத்தோடு எண்ணிக்கையை எழுதிக் கொடுக்கலாம்.

ஆர்டர் எழுதும்போது நூறு வளையத்துக்குப் பத்து அடாப்டர் உபரியாக விலையில் சேர்த்தே கேளுங்கள். முதலில் போவது அடாப்டர்தான். வாடிக்கையாளர் திரும்பி வரும்போது 'கேரண்டி கிடையாது' என்று சொல்லி அனுப்பாமல், அங்கேயே மாற்றிக் கொடுத்துவிடலாம்.